கடல் தெரியாத அறை

மதினி,

தீவிலிருந்து திரும்பி வந்த அன்று பைகளைக் காலி செய்துகொண்டிருந்தேன். உங்கள் நீலப் பையைத்தான் கொண்டுபோயிருந்தேன். அதன் பக்கவாட்டுப் பையில் கையை விட்டதும் அந்த வாசனை குப்பென்று ஏறியது. கற்பூரமும் கிராம்பும் ஏதேதோ வேர்களும் போட்டு, மூக்கில் வைத்து உறிஞ்சுவதற்கு விற்பார்களே, அந்தச் சின்ன மருந்துக் குப்பி. பஸ் ஏறினால் அது இல்லாமல் உங்களுக்கு முடியாது. நீங்கள் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, வேண்டுமா என்றுகூடக் கேட்காமல் என் மூக்கிலும் வைத்து அழுத்துவீர்கள். உள்ளே மருந்தெல்லாம் காய்ந்துவிட்டது. வாசனை மட்டும் போகவில்லை. துவைக்க வேண்டிய துணிகள் தரையெல்லாம் கிடக்க, நான் அதற்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

யார் எந்த ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எங்க தங்குனீங்க?" என்பதுதான். கோயில் எப்படி, கடல் எப்படி, மீன் மலிவா என்பதெல்லாம் அப்புறம். "தங்குற எடம் சரியில்லைன்னா சாமியே எதிர்ல வந்து நின்னாலும் மூஞ்சியச் சுளிக்கத்தான் தோணும்" என்பீர்கள். அதனால் நானும் தங்கிய இடத்தைப் பற்றியே சொல்கிறேன். கொஞ்சம் நீளும். இந்த ஒரு தடவையாவது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என் மகள் நித்யா கைக்குழந்தையாக இருந்தபோது நாம் எல்லாரும் சாங்தா கடற்கரைக்குப் போனோமே, அந்த விடுதிக்காரியை மறந்திருக்க மாட்டீர்கள். வாசலிலேயே டீயும் பொரித்த கடலையும் வைத்து வரவேற்றாள். அறையைத் திறந்ததும் ஓர் ஈர நாற்றம் முகத்தில் அடித்தது. உங்கள் தம்பி மூக்கைத் தேய்த்துக்கொண்டே, "யாபாடே, யாபாடே" என்றார். பரவாயில்லையாம். என் வீட்டுக்காரர் எதைத்தான் பரவாயில்லை என்று சொல்லவில்லை? நானும் தலையை ஆட்டினேன். உங்கள் அப்பாவும் ஆட்டினார். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலில் போய்ப் படுத்து, தலையணையில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தீர்கள். "எனக்குப் பிடிக்கல. நனைஞ்ச நாய் மாதிரி நாறுது" என்று அவளிடமே, அதுவும் நல்ல பர்மியில் சொன்னீர்கள். ஐயோ, எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆனாடே என்று இந்த ஊரில் ஒரு வார்த்தையை வைத்திருக்கிறார்களே, அது இல்லாமல் நமக்கு ஒரு நாளும் விடியாது. எதிரில் இருப்பவர் மனம் நோகுமோ என்று, வேண்டாததையும் வேண்டும் என்று சொல்லி வைக்கிற கூச்சம். தமிழ் பேசுகிறோமோ இல்லையோ, ஆனாடே பார்ப்பதில் நாம் எல்லாரும் அசல் ரங்கூன்காரர்கள். உங்களுக்கு மட்டும் அது கிடையாது. மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து ஊரார் வியாதியையெல்லாம் கேட்டுக் கேட்டு அது தேய்ந்துபோயிற்றோ என்னவோ. அன்றைக்கு வேறு இடம் பார்த்துத் தங்கினோம். மறுநாள் கடற்கரையில் அந்த விடுதிக்காரி நம்மைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் உங்கள் தம்பிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவளோ உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையணைகளையெல்லாம் வெயிலில் போட்டிருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். எப்படித்தான் அப்படி நடக்குமோ உங்களுக்கு!

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு பெகுவிலிருந்து இந்த மிங்கலா தாங்ஞுன்ட் வீட்டுக்கு வந்தபோது என் அம்மா ஒரே ஒரு புத்திதான் சொல்லி அனுப்பினாள், மாமனார் முன்னால் வாயைத் திறக்காதே என்று. நானும் திறக்கவில்லை. மாமாவும் மருமகளிடம் நேராகப் பேசுவது மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள். ரயில்வே பட்டறையில் அத்தனை பேரை அதட்டி வேலை வாங்கிய மனிதர், என் நிழல் பட்டால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். நடுவில் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். புருஷன் போன பிறகு ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தவருக்கு இப்படியொரு உத்தியோகம் கிடைத்தது.

"மதினி, மாமாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுங்க" என்பேன். மாமா கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.

"போதும்னு சொல்லும்மா" என்பார், உங்களைப் பார்த்து.

"ஏன், ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? நான் ஒருத்தி செத்துப் போயிட்டா பட்டினி கெடப்பீங்களா?" என்று கத்துவீர்கள். கத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "போதுமாம்" என்பீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. அவருக்குச் சட்டை எடுக்கப் போனாலும், நித்யாவை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றாலும், என் பேச்சு உங்கள் வழியாகப் போய், அவர் பேச்சு உங்கள் வழியாக வரும். அதில் நமக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் நீங்கள் சொன்னது போலவே செய்துவிட்டீர்கள். நெஞ்சைப் பிடிக்கிறது என்றீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனோம், நாங்கள் மட்டும் திரும்பி வந்தோம். எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வந்தது மதினி, மறைக்காமல் சொல்கிறேன். ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் விஷயம் புரிந்தது. பகலில் இந்த வீட்டில் நானும் மாமாவும் மட்டும். உங்கள் தம்பி காலையில் ஃபேக்டரி பஸ் ஏறி லைங் தாயா போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நித்யா கல்லூரிக்குப் போய்விடுவாள். நான் டீ டம்ளரை மேசையில் ணங்கென்று வைப்பேன். டீ வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் தொண்டையைச் செருமுவார். எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சோறு தட்டில் பாதி மிச்சம் கிடக்கும். உப்பு போதவில்லையா, மனம் சரியில்லையா, உடம்புக்கு ஏதாவதா? யாரைக் கேட்பது? முனைக் கடைக்கு டீ குடிக்கப் போகிற பழக்கத்தையும் விட்டுவிட்டார். பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து, போகிற வருகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. இந்த மனிதர் என் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுவார், நான் டம்ளரைத் தட்டிக்கொண்டு நிற்பேன் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்தோடுதான் தினமும் எழுந்தேன்.

உங்கள் தம்பிக்கும் அது தெரிந்திருக்கிறது. தண்ணீர்த் திருவிழாவுக்கு ஃபேக்டரி மூடுகிறார்கள், எல்லாரும் மேய்க் பக்கம் ஒரு தீவுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவோம், அப்பாவுக்கு இடம் மாறினால் நல்லது என்றார். அவராக ஒரு யோசனை சொன்னதே அதிசயம். நித்யா ஃபோனைத் தட்டி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தாள். அடேயப்பா! மணல்மேல் தனித்தனியாக வெள்ளை வீடுகள். எங்கள் மூவருக்கும் ஒன்று. தென்னை மரங்களுக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டினாற்போல், மாமாவுக்கென்று ஒன்று. கண்ணாடிக் கதவைத் திறந்தால் கடல். "தாத்தாவுக்குத்தான் எல்லாத்தையும்விட நல்ல ரூம்" என்று பர்மியில் பெருமையாகச் சொன்னாள். வயசானவருக்கு மரியாதை செய்வது என்றால் அப்படித்தானே செய்வோம்?

மாமா படத்தை வாங்கிப் பார்த்தார். "பேஷா இருக்கு" என்றார். உங்கள் தம்பி, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நானும் சமையலறை வாசலில் நின்று, "அழகா இருக்குடி" என்றேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அந்த இடமே வேண்டும் என்று நித்யா அவர்களிடம் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது மாமா முழங்காலைத் தடவிக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்கப்பா. வீட்டுக்கு ஒரு ஆள் வேணுமில்ல" என்று மகனிடம் சொன்னார்.

"சரிப்பா, உங்களுக்கு எப்படித் தோணுதோ" என்றார் உங்கள் தம்பி. அவ்வளவுதான்! யாருக்காகப் போகிறோமோ அவர் வரவில்லையாம், அதற்கும் சரியாம். நித்யா முகம் வாடிப்போய்த் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாம்பார் கரண்டியோடு நின்றேன். இந்த நேரத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஏம்ப்பா, முழங்கால் நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டிருப்பீர்கள். யாராவது கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன்.

மறுநாள் காலையில் டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். டம்ளரைத் தட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

"மாமா, உங்களுக்கு அந்த எடம் பிடிக்கலையா?"

அவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பிப் பின்னால் பார்த்தார்! நான் யாரிடம் பேசுகிறேன் என்று தேடினார். பின்னால் கம்பிக்கிராதியும் இரண்டு புறாவும்தான். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்தார். நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"பிடிக்கலம்மா" என்றார்.

டம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. ஒரு ரயில் போகிற வரை பொறுத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே பேசினார். "தனியா ஒரு வீட்டுல போட்டா என்னால முடியாதும்மா. நீங்க எல்லாம் ஆசையா பாத்தீங்க, நான் எப்படி வேணாம்ங்கறது? இங்க இருமுனா அவ அந்தப் பக்கத்துல இருந்து 'என்னப்பா'ன்னு கேப்பா. 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டுத் தூங்கிடுவேன். இப்பல்லாம் இருமிட்டு முழிச்சுக்கிட்டுக் கெடக்கறேன்."

மதினி, அத்தனை மாதமாக அவர் விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். எனக்கும் அந்த இருமல் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நானும் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். மாமனாரை எப்படிக் கூப்பிட்டுக் கேட்பது என்று கிடந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எனக்கும் அந்த எடம் பிடிக்கல மாமா. அடுப்பே கெடையாதாம். நாலு நாளும் அவன் போடுறதத்தான் தின்னணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கேட்டு நித்யா எழுந்து வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் கொட்டித் தீர்த்துவிட்டாள். படத்தில் பார்க்கத்தான் அழகாம், ராத்திரி அந்தத் தென்னைகளுக்கு நடுவே நடக்க அவளுக்கே பயமாம், தாத்தா பேஷ் என்று சொன்னதால் சும்மா இருந்தாளாம். சவரம் பாதி முடிந்த முகத்தோடு வந்த உங்கள் தம்பியைப் பிடித்து உலுக்கினோம். அங்கே சாப்பிடுகிற இடத்துக்கு லுங்கி கட்டிக்கொண்டு போகமுடியாதே என்று அவருக்கு முதல் நாளே கவலையாம்! நாலு பேருக்கும் பிடிக்காத இடத்துக்கு நாலு பேரும் சேர்ந்து சரி சொல்லியிருக்கிறோம். நீங்கள் மட்டும் இருந்திருந்தால் எங்களைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பீர்கள்.

பிறகு மாமாவும் நானும் ஒரே மேசையில் உட்கார்ந்து இடம் தேடினோம். நம்புவீர்களா? நித்யா படங்களைத் தள்ளத் தள்ள, "இது வேணாம்மா, படி செங்குத்தா இருக்கு" என்பார் அவர். "இதுல தண்ணி வராதுபோல மாமா" என்பேன் நான். கடைசியில் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு வீடு கிடைத்தது. டோ மியா என்கிற அம்மாள் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறாள். ஒரு பெரிய அறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை, கீழே சமைத்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்தால் ஐஸ் கொட்டகையும் கருவாடு காய்கிற மூங்கில் தட்டிகளும்தான் தெரியும். "தீவுக்குப் போயிட்டுக் கடல் தெரியாத ரூமா!" என்று நித்யா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாமா ஃபோனை வாங்கி அவரே பேசினார். அவர் பட்டறைப் பர்மி உங்களுக்குத் தெரியுமே, ஃபோன் இல்லாமலே மேய்க் வரைக்கும் கேட்கும். "நடுவுல இருக்குற சுவரு செங்கல்லா, பலகையா?" என்று கேட்டார். அந்த அம்மாள் பாவம், வெறும் பலகைதான், மன்னிக்க வேண்டும், பேச்சுச் சத்தம் கேட்கும் என்று இழுத்தாள். "அதான் வேணும்! அதையே குடுங்க!" என்றார். ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "பலகையாம்" என்றார். எத்தனை வருஷமாக நீங்கள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த தொனியில்.

மிங்கலாடோன் போய் விமானம் ஏறி, மேய்க்கில் இறங்கி, படகில் போய்ச் சேர்ந்தோம். டோ மியா எங்கள் எல்லார் கன்னத்திலும் தனக்கா மரச்சாந்தை அரைத்துப் பூசாத குறைதான், அப்படிக் கவனித்தாள். கருவாட்டு வாடை முதல் நாள் குடலைப் பிரட்டியது, மறுநாள் பழகிவிட்டது. நான் அவள் அடுப்பில் மீன் குழம்பு வைத்தேன். மாமா படியில் உட்கார்ந்து படகுக்காரர்களுக்கு எஞ்சின் சங்கதியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார், மதினி. தட்டை நீட்டினார், என்னிடம்.

அன்று மத்தியானம் எல்லாரும் படுத்திருந்தோம். உங்கள் தம்பி குறட்டை விட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் மாமா இருமினார்.

"என்ன மாமா?" என்றேன்.

அங்கே கட்டில் கிறீச்சிட்டது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். பிறகு அவராகவே, "நீ தூங்கலையா?" என்று கேட்டார்.

"தூங்கப் போறேன் மாமா."

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அத்தனை மாதப் பயமும் அந்தப் பலகை அறையில்தான் என்னை விட்டுப் போயிற்று. அவர் மூச்சு சீராக வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் தூங்கிவிட்டேன். மூன்று பேரும் கடலுக்குப் போய்விட்டு வந்து எழுப்பும்வரை தெரியவில்லை. மூன்றாவது ஆள் மாமாதான், லுங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது.

ஊர் திரும்பிய பிறகும் இந்த வாய் அடங்கவில்லை. "எனக்குப் பிடிக்கல" என்று உங்களைப் போலவே இப்போது சொல்லிப் பார்க்கிறேன். மார்க்கெட்டில் வாடின கீரையைக் கட்டிக் கொடுத்தவளிடம் சொன்னேன். கீழ்வீட்டுக்காரி மாடிப்படியில் குப்பைக்கூடையை வைத்தபோது சொன்னேன். உங்கள் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், மனிதர் கொஞ்சம் கலங்கிப்போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சொல்லும் முன்னால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். யாரும் என்னை அடிக்க வரவில்லை.

இன்றைக்குக் காலையில் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் செருமல் கேட்டது. மாமா கையில் கிண்ணத்தோடு நின்றார்.

"ஏம்மா காவேரி, சாம்பார்ல உப்பை அள்ளிக் கொட்டியிருக்கியே, வாயில வைக்க முடியல."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் வாங்கிய முதல் திட்டு. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நாளைக்குக் கொறச்சுப் போடுறேன் மாமா" என்றேன். அவர் போன பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான். உடனே உங்கள் அறைக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும் போலிருந்தது, பாதி தூரம் வந்தும் விட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேச இனி ஆள் தேவையில்லை மதினி. நீங்கள் சும்மா வந்து உட்கார்ந்திருந்தால் போதும்.

காவேரி